சிங்கப்பூர், துபாய் போனா நம்ம சார்ஜர் ஏன் செருகாது? மூணு சதுர பின் பிளக்குக்குப் பின்னால் இருக்கும் கரோலின் ஹாஸ்லெட் கதை

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், லண்டன். இந்த நாலு ஊருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ஹோட்டல் ரூம் சுவரில் பெரும்பாலும் மூன்று செவ்வக ஓட்டைகள் கொண்ட பெரிய பிளக் பாயின்ட்தான் இருக்கும். நம்ம ஊர் உருண்டை பின் அதில் போகாது. இரண்டு பின் மட்டும் உள்ள சார்ஜரை வைத்து அழுத்தினாலும் உள்ளே ஏதோ ஒன்று தடுக்கும்.

அந்தத் தடுப்பு பழுது இல்லை. வேண்டுமென்றே வைத்தது. ஒரு குழந்தை ஊசியையோ கம்பியையோ உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த குட்டிக் கதவு அது. 'டைப் ஜி' என்று இன்று சொல்லப்படும் இந்த பிளக்குக்கான அடித்தளம், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டனில் போடப்பட்டது. அதற்காக உட்கார்ந்து யோசித்த குழுவில் 20 பேர். அதில் ஒரே ஒரு பெண். அவர் பெயர் கரோலின் ஹாஸ்லெட்.

யார் இவர்? செக்ரட்டரி வேலைக்குப் போன ஒரு பெண், ஒரு நாட்டின் மின்சாரப் பாதுகாப்பு பற்றிப் பேசும் இடத்துக்கு எப்படி வந்தார்? வெளிநாடு கிளம்பும்போது நாம் பையில் போடும் அடாப்டருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

ரயில்வே தொழிலாளியின் மகள்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள வொர்த் என்ற ஊரில் 1895 ஆகஸ்ட் 17-ல் பிறந்தார் கரோலின் ஹாஸ்லெட். அப்பா ராபர்ட் ஹாஸ்லெட், ரயில்வேயில் சிக்னல் பொருத்தும் வேலை பார்த்தவர். கூட்டுறவு இயக்கத்திலும் ஈடுபாடு கொண்டவர். பெரிய வசதி கிடையாது. ஆனால் கருவிகளும், இயந்திரமும், பொது விஷயங்களும் அந்த வீட்டுக்கு அந்நியம் இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனில் செக்ரட்டரி கோர்ஸ் படித்தார். அந்தக் காலத்தில் படித்த பெண்களுக்கு இருந்த சில வழிகளில் அது ஒன்று. டைப் அடிக்கலாம், கடிதம் எழுதலாம், ஆபீஸில் உட்காரலாம். அவ்வளவுதான். பாய்லர் தயாரிக்கும் காக்ரன் என்ற கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

அதே காலகட்டத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சஃப்ரஜெட் இயக்கத்திலும் சேர்ந்தார். பகலில் ஆபீஸ் ஃபைல், மற்ற நேரத்தில் போராட்டம். இந்த இரண்டும் சேர்ந்துதான் அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தன என்று சொல்லலாம்.

போர் திறந்த கதவு

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலைகளில் ஆள் இல்லை. அதுவரை பெண்களை உள்ளே விடாத பட்டறைகள் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தன. குண்டு தயாரிப்பு, லேத் வேலை, வெல்டிங் என எல்லா இடத்திலும் பெண்கள் வந்தார்கள்.

ஹாஸ்லெட்டுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்க அவர் விரும்பவில்லை. லண்டனிலும், ஸ்காட்லாந்தின் ஆனன் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் தொழிற்சாலையிலும் இன்ஜினியரிங் பயிற்சி எடுத்தார். பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காகிதத்தில் இல்லாமல் கையில் கருவியோடு கற்றுக்கொண்டார்.

ஆனால் 1918-ல் போர் முடிந்ததும் கதை மாறியது. 1919-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. தொழிற்சாலைகளில் போருக்கு முன்பு இருந்த நடைமுறைகளை மறுபடியும் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் சாரம். நடைமுறையில் அதற்கு என்ன அர்த்தம்? போர்க்காலத்தில் வேலை கற்றுக்கொண்ட பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வேலை தெரியவில்லை என்பதால் அல்ல, பெண் என்பதால்.

23 வயதில் ஒரு சங்கத்தின் செயலாளர்

இதை எதிர்த்துத்தான் 1919 ஜூன் 23-ல் பெண் பொறியாளர்கள் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் கேதரின் பார்சன்ஸும் அவருடைய மகள் ரேச்சல் பார்சன்ஸும். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸின் குடும்பம் அது.

சங்கத்தை நடத்த ஒரு செயலாளர் தேவை. அந்த வேலைக்கு வந்தவர் கரோலின் ஹாஸ்லெட். அப்போது அவருக்கு வயது 23. சங்கத்தின் பத்திரிகையான 'தி வுமன் இன்ஜினியர்' இதழுக்கும் அவரே முதல் ஆசிரியர். பெண்களுக்கு இன்ஜினியரிங் படிப்பில் இடம் கேட்பது, வேலை கேட்பது, தொழிற்சாலைகளோடு பேசுவது என எல்லாமே அவர் தலையில்.

நல்ல செக்ரட்டரிக்குத் தெரிந்த வித்தைகள் இங்கே கைகொடுத்தன. யாரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கடிதத்தை யாருக்கு அனுப்புவது, எந்தக் கூட்டத்தில் யாரை உட்கார வைப்பது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. அவர் புதுக் கருவி எதையும் கண்டுபிடித்துப் புகழ் பெறவில்லை. ஆட்களைச் சேர்ப்பதும், முடிவு எடுக்கும் மேஜைக்குப் பெண்களின் தேவையைக் கொண்டுபோவதும்தான் அவருடைய பலம்.

நிலக்கரி அடுப்பும் மின்சாரமும்

1920-களில் ஒரு சாதாரண பிரிட்டிஷ் வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். குளிர் தாங்க நிலக்கரி எரிக்க வேண்டும். காலையில் சாம்பல் அள்ள வேண்டும். துணி துவைக்கத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். கரி படிந்த சுவரைத் துடைக்க வேண்டும். இந்த வேலை எல்லாம் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1924-ல் மேபல் மேத்யூஸ் என்ற பெண் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். மின்சாரத்தைப் பெண்களிடம் கொண்டுபோக ஒரு தனி அமைப்பு வேண்டும் என்பதுதான் அது. ஹாஸ்லெட் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். அப்படி உருவானதுதான் பெண்களுக்கான மின்சாரச் சங்கம். அதன் முதல் இயக்குநர் ஹாஸ்லெட். 1956 வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

இந்தச் சங்கம் என்ன செய்தது? ஃபியூஸ் போனால் எப்படி மாற்றுவது, பிளக்கில் எந்த வயரை எங்கே மாட்டுவது, அயர்ன் பாக்ஸை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பிரிட்டனில் அப்போது புதிதாக வாங்கும் கருவியின் வயரில் பெரும்பாலும் பிளக் இருக்காது. வாங்கியவர்தான் மாட்ட வேண்டும். பிளக்கோடுதான் விற்க வேண்டும் என்ற விதியே 1994-ல்தான் வந்தது. அப்படியென்றால் பிளக் மாட்டத் தெரிவது அன்று எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள்.

1934-ல் பெண்களுக்கான மின்சாரக் கையேடு ஒன்று ஹாஸ்லெட்டைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியானது. 1935-ல் பிரிஸ்டல் நகரில் முழுக்க முழுக்க மின்சாரத்தால் இயங்கும் ஒரு மாதிரி வீட்டையே கட்டிக் காட்டினார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மின்சாரம் அதிகம் விற்றால் மின் கம்பெனிகளுக்கு லாபம். அதனால் மின்துறையும் இந்தச் சங்கத்தை ஆதரித்தது. கருவி வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் கிடையாது. வீட்டு வேலை சுலபமானாலும் அது பெண்ணின் வேலையாகவே தொடர்ந்தது. இந்த விமர்சனங்களில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மின்சாரத்தைப் பயன்படுத்துபவரின் கருத்தையும் மின்துறை கேட்க வேண்டும் என்ற பழக்கத்தை உண்டாக்கியதில் இந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வீடு மாறினால் வோல்டேஜும் மாறும்

இன்று நாடு விட்டு நாடு போனால்தான் வோல்டேஜ் பிரச்சனை. அன்று பிரிட்டனில் தெரு விட்டுத் தெரு போனாலே பிரச்சனை.

முதல் உலகப் போர் காலத்தில் லண்டன் பகுதியில் மட்டும் டஜன் கணக்கில் மின் நிறுவனங்கள் இருந்தன. 10 வகை ஃப்ரீக்வன்சி. வீடுகளுக்குக் கொடுக்கும் வோல்டேஜில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட வகைகள். சில இடத்தில் ஏசி, சில இடத்தில் டிசி. வீடு மாறினால் பல்பு முதல் மோட்டார் வரை எதுவும் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை.

1926-ல் வந்த மின்சாரச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. நாடு முழுக்க ஒரே மின்தொகுப்பு, 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே ஃப்ரீக்வன்சி. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு மின்சாரம் போய்விட்டது.

கம்பியில் வரும் மின்சாரம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஆனால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் ஒழுங்காகவில்லை. உருண்டை பின் பிளக்கிலேயே 2 ஆம்பியர், 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று பல அளவு. டேபிள் லேம்ப்புக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று. ஒன்றின் பிளக் இன்னொன்றில் போகாது.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம், நம்ம வீட்டுக் கதைதான். மிக்ஸிக்குச் சின்ன பிளக், கீஸருக்கும் ஏசிக்கும் எலக்ட்ரீஷியன்கள் 15 ஆம்ப்ஸ் என்று சொல்லும் பெரிய பிளக். பிரிட்டனின் அந்தப் பழைய உருண்டை பின் வகையின் வாரிசுதான் இந்தியாவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குண்டு விழும்போது பிளக் பற்றிப் பேசியவர்கள்

1940-41 காலத்தில் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டிஷ் நகரங்கள் மீது குண்டு போட்டன. லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன, சேதமடைந்தன. போர் முடிந்ததும் வீடுகளைப் பெரிய அளவில் கட்ட வேண்டும். அதற்கான விதிமுறைகளை இப்போதே யோசிக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது.

வீட்டு வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1942-ல் 20 பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த ஒரே பெண் ஹாஸ்லெட். 1944-ல் குழுவின் அறிக்கை வெளியானது. அதன் பரிந்துரைகளின் அடிப்படையில் 1947-ல் 'பி.எஸ். 1363' என்ற பிரிட்டிஷ் தரநிர்ணயம் வந்தது. இன்றைய மூணு சதுர பின் பிளக்கின் பிறப்பு அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த பிளக்கையே ஹாஸ்லெட் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் சில பதிவுகள் சுற்றுகின்றன. அது சரியல்ல. இது ஒரு குழுவின் வேலை. ஆனால் அதற்கு முன் கிட்டத்தட்ட 20 வருடம் வீட்டுக்குள் மின்சாரம் எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பெண்களிடமிருந்து நேரடியாகக் கேட்டு வந்தவர் அவர். வீட்டுப் பாதுகாப்பு பற்றிய அந்த அனுபவத்தோடுதான் குழுவில் உட்கார்ந்தார். சின்னக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக சாக்கெட்டின் உள்பகுதி மூடியிருக்க வேண்டும் என்பது அறிக்கையிலேயே ஒரு தேவையாக இடம்பெற்றது.

அந்த பிளக்கில் அப்படி என்ன இருக்கு?

பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். தரையில் கிடந்தால் பின் மேலே பார்த்து நிற்கும். தெரியாமல் மிதித்தால் உயிர் போகும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் எர்த் பின். மேலே இருக்கும் இது மற்ற இரண்டை விட நீளம். செருகும்போது இதுதான் முதலில் உள்ளே போகும். போனதும் கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் ஷட்டரைத் திறக்கும். கரண்ட் வருவதற்கு முன்பே எர்த் இணைந்துவிடும். கழற்றும்போது கடைசியாகப் பிரிவதும் எர்த்தான். ஷட்டருக்கு சாவி எர்த் பின்தான் என்பதால் குழந்தை கீழ் ஓட்டையில் எதை வைத்துக் குத்தினாலும் கதவு திறக்காது. காலப்போக்கில் வேறு வகையில் திறக்கும் ஷட்டர்களும் வந்தன, நோக்கம் மட்டும் அதேதான்.

இரண்டாவது, பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ். இது ஏன்? போருக்குப் பிந்தைய வீடுகளுக்காக ரிங் சர்க்யூட் என்ற வயரிங் முறையைக் குழு பரிந்துரைத்தது. ஒரே வயர் மெயின் போர்டில் கிளம்பி, எல்லா பிளக் பாயின்ட்டையும் சுற்றிவிட்டு மறுபடி போர்டுக்கே வரும். வயர் செலவு குறையும், நிறைய பாயின்ட் வைக்கலாம். ஆனால் அந்தச் சுற்றுக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு டேபிள் லேம்ப்பின் மெல்லிய வயரில் ஷார்ட் ஆனால், 30 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்குள் வயர் எரிந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஃபியூஸ். சின்னக் கருவிக்கு 3 ஆம்பியர், பெரிய கருவிக்கு 13 ஆம்பியர். கோளாறு வந்தால் அந்த ஒரு கருவி மட்டும் நிற்கும்.

மூன்றாவது, ஒரே அளவு. லேம்ப்போ ஹீட்டரோ, எதுவானாலும் ஒரே பிளக். சுமார் 3000 வாட் வரை தாங்கும். எந்தக் கருவியை எங்கே மாட்டுவது என்ற குழப்பம் போச்சு.

நான்காவது, வயர் வெளியே வரும் இடம். நம்ம பிளக்கில் பெரும்பாலும் பின்பக்கமாக வயர் வரும். இதில் கீழ்ப்பக்கமாக வரும். வயரைப் பிடித்து இழுத்து பிளக்கைக் கழற்றுவது கஷ்டம். மீறி இழுத்தாலும், உள்ளே லைவ் வயர் சின்னதாகவும் எர்த் வயர் நீளமாகவும் விடப்பட்டிருக்கும். பிய்ந்தால் ஆபத்தான லைவ் முதலில் பிரியும், காப்பாற்றும் எர்த் கடைசியில் பிரியும்.

பின்களின் மேல்பகுதியில் இருக்கும் கறுப்பு உறை மட்டும் 1947-ல் கிடையாது. பாதி செருகிய பிளக்கில் விரல் படாமல் இருக்க அது பிற்காலத்தில் வந்து, 1980-களில் கட்டாயமானது.

1947: ஒரே வருடம், இரண்டு பாதை

1947 ஹாஸ்லெட்டின் வாழ்க்கையில் முக்கியமான வருடம். 'டேம்' என்ற உயரிய பட்டம் கிடைத்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட மின்துறையை நடத்த உருவான பிரிட்டிஷ் மின்சார ஆணையத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனார். அவர் பங்கேற்ற குழு பரிந்துரைத்த பிளக்கும் அதே வருடம் தரநிர்ணயம் ஆனது.

இந்தியா சுதந்திரம் அடைந்ததும் அதே வருடம்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த உருண்டை பின் வகையையே இந்தியா தொடர்ந்தது. இந்தியத் தரநிர்ணயத்திலும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என அதே வடிவம் இடம்பிடித்தது. சர்வதேசப் பட்டியலில் இவை டைப் டி, டைப் எம்.

சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், வளைகுடா நாடுகளில் பலவும் புதிய சதுர பின்னுக்குப் போய்விட்டன. இலங்கையில் இரண்டையும் பார்க்கலாம். பழைய கட்டடங்களில் உருண்டை பின், புதியவற்றில் சதுர பின். 13 ஆம்பியர் சதுர பின்னைத்தான் இப்போது அந்த நாடு தேசியத் தரமாக வைத்திருக்கிறது.

அதாவது, சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது நம் சார்ஜர் செருகாததற்குக் காரணம் இதுதான். இரண்டும் பிரிட்டனிலிருந்து வந்தவைதான். ஒன்று போருக்கு முந்தையது, மற்றொன்று போருக்குப் பிந்தையது.

உலகம் முழுக்க ஒரே பிளக் வராதா? 1986-லேயே அதற்கான சர்வதேசத் தரநிர்ணயம் வெளியானது. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் அதை ஒட்டிய வகைக்கு மாறின. மற்ற நாடுகள் நகரவில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் சுவரை உடைத்து பாயின்ட் மாற்ற யார் செலவு செய்வது? இன்றும் பட்டியலில் 15 வகைகள் இருக்கின்றன.

வெளிநாடு கிளம்பும் முன் என்ன பார்க்கணும்?

முதலில் வோல்டேஜ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், இலங்கை, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா எல்லாம் ஏறக்குறைய இதே அளவு. இங்கே போகிறவர்களுக்கு பிளக் வடிவம் மட்டும்தான் பிரச்சனை. சாதாரண அடாப்டர் போதும்.

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். போன், லேப்டாப் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலை இல்லை, எந்த நாட்டிலும் வேலை செய்யும். வெறும் 230 வோல்ட் என்று இருந்தால் அமெரிக்காவில் சரியாக வேலை செய்யாது. இங்கே 1000 வாட் இழுக்கும் கெட்டில் அங்கே கால் பங்கு சூடுதான் கொடுக்கும்.

இதைவிட ஆபத்து, அங்கே வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே கொண்டுவந்து மாட்டுவது. வோல்டேஜ் இரண்டு மடங்கு ஆனால் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. கருவி எரிந்துவிடும். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அதற்குத் தனியாக கன்வர்ட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் கருவியைக் கருக விடுகிறார்கள்.

பிரிட்டனில் பாத்ரூமில் ஷேவர் பாயின்ட் என்று இரண்டு ஓட்டை சாக்கெட் இருக்கும். அது ஷேவருக்கும் எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷுக்கும் மட்டும்தான். ஹேர் டிரையர் மாட்டும் இடம் அல்ல.

பேனா விட்டுத் திறக்கும் வித்தை வேண்டாம்

மூணு சதுர பின் சாக்கெட் இருக்கும் ஊர்களில் ஒரு குறுக்கு வழி ரொம்பப் பிரபலம். மேலே இருக்கும் எர்த் ஓட்டையில் பேனாவையோ ஸ்பூன் காம்பையோ விட்டு அழுத்துவது, கீழே ஷட்டர் திறந்ததும் இரண்டு பின் சார்ஜரைத் திணிப்பது. ஹாஸ்டல் ரூம், ஒர்க்கர்ஸ் தங்கும் இடம், ஹோட்டல் என எல்லா இடத்திலும் இது நடக்கிறது. சிலர் வீடியோ போட்டே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இதில் என்ன தப்பு? ஷட்டர் திறந்த நொடியில் கரண்ட் பாயும் பகுதி உங்கள் விரலுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. கையில் இருப்பது உலோகப் பொருளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். செருகிய சார்ஜரும் இறுக்கமாக உட்காராது. தளர்வான இடத்தில் சூடேறும், தீப்பொறி வரும். பிளக்கில் ஃபியூஸும் இல்லை. ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டால் அடுத்த நாள் அதுவும் செய்து பார்க்கும். குழந்தைக்காக வைத்த கதவை எப்படித் திறப்பது என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

குழந்தை இருக்கும் வீட்டில் சாக்கெட்டை மூட பிளாஸ்டிக் மூடி வாங்கி மாட்டுகிறார்கள் இல்லையா? ஷட்டர் உள்ள பிரிட்டிஷ் சாக்கெட்டுக்கு அது தேவையில்லை. அளவு சரியில்லாத மூடி ஷட்டரையே திறந்து வைத்துவிடும். மருத்துவமனை, காப்பக வளாகங்களில் அந்த மூடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2016-ல் பிரிட்டன் சுகாதாரத் துறையே எச்சரித்தது. இந்தியாவிலும் இப்போது வரும் மாடுலர் சாக்கெட்டுகள் பலவற்றில் ஷட்டர் உண்டு. வீடு கட்டுகிறவர்கள், வயரிங் மாற்றுகிறவர்கள் கடையில் ஷட்டர் வைத்ததா என்று கேட்டு வாங்கலாம்.

ஒரு நல்ல டைப் ஜி அடாப்டரின் விலை ஹோட்டல் சாப்பாடு ஒன்றின் விலையைத் தாண்டாது. ஃபியூஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடாப்டர் மறந்துபோனால் ஹோட்டல் ரிசப்ஷனில் கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள்.

கடைசி ஆசையும் மின்சாரம்தான்

1950-ல் தொழில்துறைப் பெண்களின் சர்வதேசக் கூட்டமைப்புக்குத் தலைவர் ஆனார் ஹாஸ்லெட். மின் உற்பத்திக்கு நிலக்கரி கொண்டுபோகும் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட பெண்ணின் பெயர் கடலில் மிதந்தது.

உடல்நிலை சரியில்லாமல் 1956-ல் மின்சாரச் சங்கப் பொறுப்பிலிருந்து விலகினார். 1957 ஜனவரி 4-ல் சஃபோக் பகுதியில் உள்ள பங்கே என்ற ஊரில், தன் சகோதரியின் வீட்டில் காலமானார். வயது 61.

தன் உடலை மின்சாரத்தில் தகனம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். நம்ம ஊரில் இன்று மின் மயானம் சாதாரண வார்த்தை. அன்று பிரிட்டனில் அப்படி இல்லை. சொன்னபடியே லண்டன் மாநகரத் தகனக் கூடத்தில் அவருக்கு மின்சாரத்தில் தகனம் நடந்தது.

அவர் வளர்த்த பெண்களின் மின்சாரச் சங்கம் 1986-ல் கலைக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு மின்சாரம் வந்த பிறகு, அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சங்கம் தேவைப்படவில்லை. 1919-ல் அவர் செயலாளராகச் சேர்ந்த பெண் பொறியாளர்கள் சங்கம் இன்றும் இயங்குகிறது. அது தொடங்கிய ஜூன் 23-ஐத்தான் இன்று சர்வதேசப் பெண் பொறியாளர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.